மயில்துத்தமும் குவாண்டம் கணிப்பொறியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதற்குப் பெரியோர் பலர் வந்திருக்கின்றனர். அப்பணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, நாம் ஒரு வினாவிற்கு விடை சொல்ல முனைகின்றோம். மாலை வகுப்பிற்கு வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் கேட்ட வினா அது. "குவாண்டம் கணிப்பொறி என்று செய்தித்தாள்களில் வருகின்றதே, அது இயற்பியலும் கணிதமும் படித்தவர்க்கு மட்டும் உரியதா? வேதியியல் எடுத்தவன் என்ன ஆவான்?" என்று கேட்டனர். இவ்வினாவின் பின்னே அவர்தம் பெற்றோரின் கவலை நிற்கின்றது. வேதியியல் பட்டம் பெற்றவன் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகலாம், பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம்; அதற்கு மேல் என்ன இருக்கின்றது என்பதே அக்கவலை.

அதற்கு மேல் இருப்பதைக் காட்ட ஒரு தமிழரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்னும் கே. எஸ். கிருஷ்ணன் 1898 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தவர். ஊர்ப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். பிற்காலத்தில் இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர். ஆயினும் அவர் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய வேலை சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்னும் செய்முறை ஆசிரியர் வேலையாகும்.

இவண் ஒன்றை வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. கிருஷ்ணன் நம் சமுதாயத்தவர் அல்லர். அந்தணர் குடும்பத்தில் தோன்றியவர். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1894 இல்தான், கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கெனத் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஒருவர்க்குக் கல்லூரி வாசல் திறந்திருந்த காலத்தில், மற்றொருவர்க்கு அரிச்சுவடி வாசலே அப்போதுதான் திறந்தது. இதனை மறந்துவிட்டு, "அவரைப் பார், அவரைப்போல் படி" என்று நம் பிள்ளைகளிடம் சொல்வது நேர்மையாகாது. அவர் வாழ்க்கையை நாம் வேறொரு நோக்கில் ஆராய்வோம். அவருடைய அறிவு அவருடையதே. ஆனால் அவ்வறிவு வேலை செய்வதற்கு எவையெவை துணைநின்றன? அவற்றுள் எவற்றை நாம் நம் பிள்ளைகளுக்கு உண்டாக்கித் தர முடியும்? கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் கேட்க வேண்டிய கேள்வி இதுவென்று நாம் கருதுகின்றோம்.

செய்முறை ஆசிரியர் என்றால் யாது? பேராசிரியர் மேடையில் நின்று பேசுவார். ஆய்வு மேசையில் குழாயைப் பிடித்துக் காட்டி, கரைசலை அளந்து ஊற்றி, மாணவன் கையைப் பிடித்துச் செய்விப்பவர் செய்முறை ஆசிரியர். கல்லூரிப் படிநிலையில் அது சிறிய பதவிதான். கிருஷ்ணன் அப்பதவியில் இருந்தபோது நண்பகல் உணவு இடைவேளையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய எதிலும் எவரும் எந்த ஐயத்தையும் வந்து கேட்கலாம் என்பதே அது. தம் கல்லூரி மாணவர் மட்டுமன்றிப் பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்திற்கு வந்தனர். பாடத்திட்டமும் தேர்வும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் வந்தவர்கள் கற்றது ஒருபுறமிருக்க, விடை சொன்னவர் கற்றது அதனினும் மிகுதியாக இருந்திருக்கும். ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் இதனை நன்கறிவர்.

செய்முறை என்னும் சொல்லைக் கேட்கும்போது நம் தலைமுறையினர்க்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். நாம் பயின்ற பள்ளி ஒன்றில், பெயர் வேண்டா, செய்முறை வகுப்பில் நம் சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பங்கு சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவதாக இருந்தது. சோதனையைச் செய்தவர் வேறு. நாம் எட்ட நின்று பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதினோம். நிறம் மாறியது என்று எழுதினோமேயன்றி, நிறத்தை மாற்றிய கை நம் கையாக இருக்கவில்லை. இன்று அத்தகைய வேற்றுமை அவ்வளவு வெளிப்படையாக நடப்பதில்லை. ஆயினும் தேர்வு நெருங்கும்போது மட்டும் திறக்கப்படும் ஆய்வுக்கூடங்கள் நாட்டில் எத்தனை என்பதை அறிவோம். அப்பள்ளிகளில் பயில்வோர் பெரும்பாலும் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் அறிவோம்.

கிருஷ்ணன் 1920 இல் கல்கத்தாவிற்குச் சென்றார். 1923 முதல் சர் சி. வி. ராமனுடைய ஆராய்ச்சித் துணைவரானார். அதே 1923 ஆம் ஆண்டில்தான் நம் அண்ணல் அம்பேத்கர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார் என்பதையும் நினைவில் கொள்ளலாம். கிருஷ்ணன் சேர்ந்த இடம் அரசாங்க ஆய்வுக்கூடம் அன்று, பல்கலைக்கழகமும் அன்று. பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் அது. அச்சங்கத்தின் வரலாற்றை நம் கழகத்தார் ஊன்றிக் கேட்க வேண்டும்.

மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், இந்தியர் தம் முயற்சியால் அறிவியல் ஆராய்ச்சி செய்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்று, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876 இல் அச்சங்கத்தை நிறுவினார். கட்டடமும் சொற்பொழிவு மண்டபமும் கருவிகளும் வந்தன, சொற்பொழிவுகளும் நடந்தன. ஆனால் அவர் எதிர்பார்த்த ஆராய்ச்சி மட்டும் பெரிதாக நடைபெறவில்லை. 1904 இல் அவர் மறைந்தபோது மனக்குறையோடுதான் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1907 இல், கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகப் பணியேற்ற இளைஞர் ராமன் அப்பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். அலுவலகத்திற்குப் போகும் முன்னும், அலுவலகம் முடிந்த பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். கதவு திறந்திருந்தது, கருவிகள் இருந்தன. 31 ஆண்டுகள் காத்துக் கிடந்த கட்டடம் அது. அங்கே ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் காலடி வையாத அவர், ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தம் பெயரும் அச்சேறுமளவிற்கு உயர்ந்தார். கூட வேலை செய்ய ஓர் இடம் கிடைத்ததால் அவர்க்கு இது வாய்த்தது.

அக்காலக் கல்கத்தாவை நாம் பொன்னுலகமாகக் காட்டவில்லை. டாக்கா அருகே சிற்றூரில் சிறு கடைக்காரர் மகனாகப் பிறந்து, விண்மீன்களின் ஒளியைப் படிக்கும் சமன்பாட்டை 1920 இல் உலகிற்குத் தந்த மேகநாத சாகாவை, அவர் மாணவராயிருந்தபோது கல்கத்தா விடுதியில் சாதியின் பெயரால் உடனிருந்து உண்ண மறுத்தனர். அறிஞர் நகரம் என்பதனால் சாதி அங்கே இல்லாமற் போய்விடவில்லை.

1928 பிப்ரவரி 28 ஆம் நாள் கண்டறியப்பட்ட ராமன் விளைவைப் பற்றி மாணவர் அனைவரும் படித்திருக்கின்றனர். அவ்வாண்டு மார்ச் 31 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முதற்குறிப்பில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. பாடநூலில் காணாத செய்தி ஒன்று அக்குறிப்பில் உண்டு. ஏறத்தாழ 60 திரவங்களை ஆராய்ந்ததாகவும், தூசு சிறிதுமின்றி வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்ததாகவும் அவர்கள் எழுதினர். ஒளியைப் பற்றிய இயற்பியல் கண்டுபிடிப்புத்தான். ஆனால் அதன் அடியில் கிடப்பது வேதியியல் மேசையின் வேலை. திரவத்தில் ஒரு துகள் தூசு மிதந்தாலும் அது சிதறும் ஒளி, தேடும் மெல்லொளியை மறைத்துவிடும். நோபெல் பரிசு 1930 இல் ராமன் ஒருவர்க்கே சென்றது. அது பற்றி இன்றும் வாதிடுவோர் உளர். அவ்வழக்கில் நாம் இறங்கவில்லை.

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவியேற்றார். அங்கே சத்தியேந்திரநாத் போஸ் உடனிருந்தார். 1933 இல் கல்கத்தாச் சங்கத்திற்கே திரும்பி, அதன் நிறுவனர் பெயரால் அமைந்த மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவியை ஏற்றார். இவ்விரண்டு இடங்களிலும் அவர் செய்த படிக ஆராய்ச்சியே அவரைப் பொருள்களின் ஆராய்ச்சியில் உலகம் மதிக்கும் அறிஞராக்கியது. அதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கணிதமின்றிச் சொல்ல முயல்கின்றோம்.

விறகு பிளப்பவர்க்குத் தெரியும், நார் ஓடும் வாக்கில் கோடாலி எளிதாக இறங்கும். குறுக்கே போட்டால் இறங்காது. ஒரே கட்டைதான், ஆனால் திசைக்குத் திசை குணம் வேறு. படிகங்களும் அத்தகையனவே. காந்தத்தின் எதிரே ஒரு படிகத்தை வைத்தால், ஒரு திசையில் அது காட்டும் மறுமொழி மற்றொரு திசையில் காட்டுவதினின்று வேறுபடும். இவ்வேற்றுமை மிகமிகச் சிறிது. இதனை எப்படி அளப்பது? கிருஷ்ணன் கையாண்ட முறை வியப்பூட்டும் எளிமை வாய்ந்தது. மயிரினும் மெல்லிய குவார்ட்சு இழை ஒன்றில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்லத் திருகுவார். காந்தம் படிகத்தைத் தன் வசம் பிடித்துவைக்கும். முறுக்கேறிய இழையோ அதனைத் திருப்பப் பார்க்கும். படிகம் தன் நிலையினின்று 45 பாகை திரும்பியவுடன் காந்தத்தின் பிடி தோற்று, படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எவ்வளவு திருகினோம் என்பதைக் குறித்துக்கொண்டால், இரு திசைகளின் காந்தக் குணத்தில் உள்ள வேற்றுமையைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு காந்தம், ஓர் இழை, ஒரு பாகைமானி, மிகுந்த பொறுமை, இவையே அடிப்படைக் கருவிகள்.

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையில் உள்ள நாஃப்தலீனின் படிகத்தையும், ஆந்த்ரசீன் முதலியவற்றின் படிகங்களையும் அவரும் மாணவர்களும் இவ்வாறு அளந்தனர். அப்பொருள்களின் மூலக்கூறுகள் தட்டையான வளையங்களால் ஆனவை. வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் உலவுவதால் வளையத்திற்குச் செங்குத்தான திசையில் காந்தக் குணம் மிகும். ஆகவே படிகம் முழுவதற்கும் அளந்த எண்களைக் கொண்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுத் தட்டுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கூற முடிந்தது. எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களை ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து 1936 இல் அவர் இது குறித்து இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதினார். 1940 இல் அச்சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி, மயில்துத்தத்திற்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையிலும் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கும் அந்நீலக் கல்லைத்தான் பாடநூல் காப்பர் சல்பேட் என்கின்றது. அதன் வாய்பாட்டில் ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன என்று மாணவர் மனப்பாடம் செய்வர். ஐந்தும் ஒன்றுபோல் அமர்ந்திருக்கவில்லை. நான்கு மட்டுமே செம்பு அயனியைச் சூழ்ந்து நிற்கின்றன. ஐந்தாவது செம்பைத் தொடாமல் விலகி நிற்கின்றது. எக்ஸ் கதிர் ஆராய்ச்சியாளர் 1934 இல் இவ்வமைப்பை வெளியிட்டனர். கிருஷ்ணனும் அவர் மாணவரும் இப்படிகத்தின் காந்தக் குணத்தைத் திசைதோறும் அளந்து, செம்பு அயனிகள் இரு வேறு சாய்வுகளில் அமர்ந்திருப்பதனோடு அதனைப் பொருத்திக் காட்டினர். செம்பின் நீல நிறமும் இச்சூழலிலிருந்தே எழுகின்றது. வாணலியில் வறுத்து நீரை ஓட்டிவிட்டால் மயில்துத்தம் வெளுத்துவிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். செம்பைச் சேர்த்து நிறம் உண்டாக்குதல் நம் ஊர்க்குப் புதிதும் அன்று. நம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945 இல் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த கண்ணாடி மணிகளை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையுமான அத்தகைய மணிகளுக்கு நிறம் தந்தது செம்புதான். பொருள்களின் ஆராய்ச்சி இவ்வூரின் பழைய தொழில் என்று சொன்னால் அது மிகையாகாது.

செம்பு அயனியில் துணையில்லாத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அது தானே ஒரு நுண்ணிய காந்தம்போல் நடந்துகொள்ளும். வெளிக் காந்தத்தின் எதிரே அதற்கு இரண்டே நிலைகள், மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கி. இடைப்பட்ட நிலையில் அளக்க முடியாது. ஆனால் அளக்கும்வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்க முடியும். இதுதான் குவாண்டம் கொள்கையின் விந்தை. கிருஷ்ணன் காலத்தில் இவ்வெலக்ட்ரான்களைக் கோடிக்கணக்கில் ஒருசேரத்தான் அளக்க முடிந்தது. வெப்பம் குறையக் குறைய அவற்றின் காந்தக் குணம் வளர்வதைப் பற்றிப் பியேர் கியூரி 1895 இல் கண்ட விதியும் அவர்க்குத் துணைசெய்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் பெரியவர்களுக்கு அப்பெயர் பழக்கமானதே.

பென்சிலில் உள்ள கிராஃபைட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதில் கரி அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாளுக்குச் செங்குத்தான திசையில் அதன் காந்தக் குணம் பன்மடங்காக இருப்பதை அளந்து, தாளுக்குள்ளேயே தடையின்றி ஓடும் எலக்ட்ரான்களின் குவாண்டம் நடத்தையே அதற்குக் காரணம் என்று 1941 இல் கங்குலி என்பாருடன் விளக்கினார். அத்தாள்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதற்கு உலகம் 2004 வரை காத்திருந்தது. மான்செஸ்டரில் கெய்ம், நோவசெலவ் என்னும் இருவர் ஒட்டும் நாடாவைக் கொண்டு அதனைப் பிரித்தனர். கிராஃபீன் என்னும் அப்பொருளுக்காக 2010 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பின்னைய பதவிகளை விரைந்து சொல்லலாம். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகம். 1947 இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். நம் கடைத்தெருவில் அரிசி நிறுக்கும் எடைக்கல் சரியா என்பதற்கு இந்நாட்டில் இறுதிச் சான்று அவ்வாய்வுக்கூடமே. 1954 இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டு இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. 1961 ஜூன் மாதம் கிருஷ்ணன் மறைந்தார்.

மாணவர் கேட்ட வினாவிற்கு இனி நேராக வருவோம். குவாண்டம் கணிப்பொறிக்கும் வேதியியலுக்கும் என்ன உறவு? ஒரு மூலக்கூறு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட வேண்டுமானால் அதன் எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் ஒருங்கே கணக்கில் கொள்ளவேண்டும். இரு நிலை கொண்ட துகள் ஒன்று கூடும்போதெல்லாம் கணக்கு இருமடங்காகும். பத்துத் துகளுக்கு 1,024 நிலைகள். இருபதுக்குப் பத்து இலட்சத்திற்கு மேல். ஐம்பதுக்கு ஏறத்தாழ 11 கோடி கோடி. இன்றைய மிகப் பெரிய கணிப்பொறியும் இவ்வழியில் நெடுந்தூரம் போக முடியாது. 1981 இல் ரிச்சர்டு ஃபெயின்மன் ஒரு கருத்தைச் சொன்னார். இயற்கை குவாண்டம் முறையில் இயங்குகின்றதாயின், அதனைக் கணக்கிடும் பொறியையும் குவாண்டம் முறையிலேயே அமைத்துவிடலாமே என்பது அது. மேல், கீழ், இரண்டும் கலந்த நிலை என்று செம்பின் எலக்ட்ரானுக்குச் சொன்னோமல்லவா? அத்தகைய துகள் ஒவ்வொன்றும் கியூபிட் எனப்படும். அதுவே அப்பொறியின் எழுத்து.

இக்கருத்தை வேதியியலுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஆலன் அஸ்புரு குசிக். மெக்சிகோவில் வளர்ந்து, அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999 இல் வேதியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2004 இல் முனைவரானவர். நீர், லித்தியம் ஹைட்ரைடு ஆகிய சிறு மூலக்கூறுகளின் ஆற்றலைக் குவாண்டம் கணிப்பொறி எவ்வாறு கணக்கிடக்கூடும் என்பதை அவரும் தோழர்களும் 2005 இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். 2010 இல் ஆஸ்திரேலியக் குழுவினரோடு சேர்ந்து, ஒளித்துகள்களால் இயங்கும் சிறு பொறியில் ஹைட்ரஜன் மூலக்கூற்றைக் கணக்கிட்டும் காட்டினர். ஹார்வர்டில் பணியாற்றியபோது மின்சாரத்தைச் சேமிக்கும் புதிய கரிமப் பொருள்களைத் தேடினார். 2018 முதல் கனடாவின் டொரண்டோவில் பேராசிரியர். மேசைமேல் கரைசலில் தொடங்கும் வேதியியல் எங்கே சென்று சேர்கின்றது என்பதற்கு இவரும் ஒரு சான்று.

இவருடைய ஆசிரியரை நம் இளைஞர்கள் மறவாமல் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்க்லியில் இவர்க்கு வழிகாட்டியவர் வில்லியம் லெஸ்டர். 1937 இல் சிகாகோவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். பள்ளியும் குடியிருப்பும் நிறத்தால் பிரிந்து கிடந்த நாட்டில் வேதியியல் பயின்று, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, கணிப்பொறியை வேதியியலுக்குப் பயன்படுத்தும் தேசிய நிலையம் ஒன்றின் முதல் இயக்குநராக 1978 இல் பொறுப்பேற்றவர். ஒருவர் உள்ளே நுழைந்தால் போதாது. நுழைந்தவர் தம் பின்னே வருபவர்க்குக் கதவைத் திறந்து பிடித்திருக்க வேண்டும். லெஸ்டர் அதனைச் செய்தார்.

செய்தித்தாள் தலைப்புகளை நம்பி நாம் மயங்கவும் வேண்டா. குவாண்டம் கணிப்பொறிகள் இன்றும் பிழை மலிந்தவை. அவற்றுள் ஒரு வகை இயங்குவதற்குத் தனிப்பூச்சியத்திற்கு மேலே ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு என்னும் அளவிற்குக் குளிர் வேண்டியிருக்கின்றது. எந்தப் பொருளால் நல்ல கியூபிட் செய்வது என்பதே இன்னும் முடியாத ஆராய்ச்சி. செம்பு முதலிய உலோக அயனிகளைக் கொண்ட மூலக்கூறுகளையும் அதற்காக ஆராய்ந்து வருகின்றனர். இது வேதியியலார் இல்லாமல் நடக்கக்கூடிய வேலை அன்று. இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்திற்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன்கீழ் நான்கு மையங்கள் அமைக்கப்பட்டன. கணிப்பொறிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், குவாண்டம் செய்தித்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., அளவையியலுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கும் கருவிகளுக்கும் தில்லி ஐ.ஐ.டி. ஆகியவை பொறுப்பேற்றன. சென்னை நமக்கு மூன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.

வழியும் சொல்லிவிடுகின்றோம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலோடு கணிதத்தைக் கைவிடாதீர்கள். கணிதத்தை விட்டவர்க்கு இத்துறையில் பாதிக் கதவு மூடிவிடும். பி.எஸ்சி. பட்டத்திற்கு உள்ளூர் அரசுக் கல்லூரி போதும். அதன்பின் ஜாம் என்னும் நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், காலாப்பட்டில் நம் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு நெட் தேர்வு வழியாக உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிட மாணவர்க்கென மத்திய அரசின் தனி ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. இவ்வுதவிகளைப் பிச்சை என்று எவரேனும் ஏளனம் செய்தால் தலைகுனிய வேண்டா. மகேந்திரலால் சர்க்கார் ஊரார் நன்கொடையில் கட்டிய கூரையின்கீழ்தான் ராமனும் கிருஷ்ணனும் வேலை செய்தனர். பொதுப்பணமின்றி எவர் அறிவியலும் வளர்ந்ததில்லை.

இறுதியாகக் கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். 25 ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தினோம். நோட்டுப் புத்தகம் வழங்கினோம். முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசளித்தோம். அவை தொடரட்டும். பழைய பெஞ்சுகளும் பந்தற்கால்களும் போட்டு வைத்திருக்கும் பின்கட்டு அறையை இடித்து, முன்புறத்தோடு சேர்த்துக் கல்யாண மண்டபமாக்கினால் வாடகை வரும் என்று உறுப்பினர் சிலர் கருதுவதை நாம் அறிவோம். அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் வீட்டுத் திருமணத்திற்கு மண்டபம் தர மறுத்த நாள்களை மறந்தவர் எவரும் இங்கில்லை. ஆயினும் அந்த ஓர் அறையை மட்டும் விட்டுவிடுமாறு வேண்டுகின்றோம். அண்ணல் அம்பேத்கர் 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவியபோது கலைப் பாடங்களோடு நில்லாமல் அறிவியலையும் சேர்த்தே தொடங்கினார். ஆய்வுக்கூடம் செலவு பிடிக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

நமக்கு வேண்டுவன மிகுதியல்ல. ஒரு நல்ல தராசு, ஓர் உருப்பெருக்கி, இரண்டு வலுவான காந்தங்கள், கண்ணாடிக் கலங்கள், கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர். பணியில் உள்ள ஆசிரியர் சிலரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவரும் முறைவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை இருக்க இசைந்துள்ளனர். எந்தப் பள்ளி மாணவரும் வரலாம். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். எந்த ஐயமும் கேட்கலாம். கழுவுகின்றவரே சோதனையையும் செய்வார் என்பது அவ்வறையின் விதியாக இருக்கட்டும்.

முதல் வேலையாக மயில்துத்தப் படிகம் ஒன்றை வளர்ப்போம். சுடுநீரில் கரையுமளவு கரைத்து, ஆறவிட்டு, அடியில் விழும் சிறு படிகங்களுள் குறையற்ற ஒன்றைத் தேர்ந்து, மெல்லிய நைலான் இழையில் கட்டி, வடிகட்டிய கரைசலில் தொங்கவிட வேண்டும். மேலே தாளால் மூடி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். அது நஞ்சாகையால் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிய அலமாரியே தகும். விரல்நுனி அளவு வளர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அலமாரியின் சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் செயற்குழு முடிவு செய்து அறிவித்தால் போதும்.